அரை மணித்தியாலச் சண்டை

"சக்கரக்கதிரை குடுப்பினமோ எண்டு கேள் பிள்ளை," என்றார் செபமாலை.

றோசலின் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கியூபெக் நகரத்து அருங்காட்சியகத்தில் தொலைபேசியை எடுத்த பெண் பிரெஞ்சில் ஏதோ படபடவென்று சொல்லிவிட்டு, பியானோ இசையைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். றோசலினின் பிரெஞ்சு மூலைக்கடையில் பால் வாங்கப் போதும். போர்க்களம்வரை அது போகாது. மாமனாரோ மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கதிரை நுனிக்கு வந்து, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது றோசலினின் குடியுரிமைப் புத்தகத்தால். சோதனைக்குப் படித்தவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். பக்கத்திலிருந்து கேட்டவர் ஒன்றையும் மறக்கவில்லை. இருநூற்றைம்பது வருசத்துக்கு முன் இங்கிலிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் கியூபெக்கில் மோதிய பெரிய சண்டை அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டதாம். இரண்டு பக்கத்துத் தளபதிகளும் செத்துப்போனார்களாம்.

"அரை மணித்தியாலம். எங்கடை சனத்துக்கு பங்கருக்குள்ளை இறங்கி இருக்கவே அது காணாது," என்பார். "இப்ப அந்த இடம் புல்வெளியாம். சனம் பிள்ளையளைக் கொண்டுவந்து விளையாட விடுகினமாம். சண்டை முடிஞ்ச இடம் எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கவேணும்."

மூத்த மகன், றோசலினின் கணவன் கிறகரி முதலில் மசியவில்லை. இந்த இதயத்தை வைத்துக்கொண்டு புல்வெளி என்ன புல்வெளி என்றான். அதே பாதையால் கொஞ்சம் கூடப் போனால் சனம் நேர்த்திக்குப் போகிற அன்னம்மாள் கோயில் வரும் என்று றோசலின் எடுத்துச் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தான். ஜூன் கடைசியில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முடிந்ததும் போவதாக ஏற்பாடு.

உண்மையில் அந்தப் பயணத்தை மாமனாரைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் றோசலின்தான். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம். இளைய மகன் மைக்கல் சண்டை நடந்த வன்னியில் இருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன கிழமை சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதன் பிறகும் இல்லை. அதிர்ச்சி எதையும் மாமனாரின் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டுத் தொலைக்காட்சி 'பழுதாகி' இருந்தது. தமிழ் வானொலியைக் கிறகரி காருக்குள் இருந்துதான் கேட்டான். பகல் முழுக்க மாமனாரோடு தனியாக இருப்பவள் அவள். அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயத்தில், எந்த அருங்காட்சியகத்துக்கு முதலில் போவது, கோட்டைக்குள் இருப்பதையும் பார்ப்பதா, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா என்று கதையை வளர்த்துக்கொண்டே இருந்தாள்.

பியானோவுக்கு நடுவில் பீப் என்றது. இன்னொரு அழைப்பு. அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து எண்ணைப் பார்த்தாள்.

"அதை எடு," என்றார் செபமாலை.

எடுத்தாள். டொரொன்டோவிலிருந்து யோகராணி மச்சாள். "ஏதும் அறிஞ்சனீங்களே?"

"இல்லை. பிறகு எடுக்கிறன்."

"ஆரது?" என்றார் மாமனார்.

"பிழையான நம்பர், மாமா."

செபமாலை குழாயைச் சரிசெய்துகொண்டார். "பிழையான நம்பருக்கும் பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுறவையோ?"

அவளுக்கு முகம் எரிந்தது. அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, சரி. நூதனசாலைக்காரியைப் பிடி. வைச்சிட்டுப் போகப்போறாள்."

சக்கரக்கதிரை இலவசமாம். அதைக் கேட்டு அவர் திருப்தியாகப் படுக்கப் போனார்.

பின்னேரம் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆம்புலன்ஸ்காரர்கள் மூன்றாம் மாடியிலிருந்து அவரைக் கதிரையில் கட்டி இறக்கினார்கள். அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு றோசலின் பின்னால் இறங்கினாள். வண்டிக்குள் அவர் முகமூடியை விலக்கினார். இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றும் நினைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலை இருந்து ஜூனுக்கு முதல் விட்டிடுவினமோ?"

"ஓம் மாமா. விட்டிடுவினம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. மைக்கலின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. றோசலினால் தாங்க முடியாமல் இருந்தது அதுதான்.

அடக்கத்தன்று காலை, பூசைக்கு முன், உடலை மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். கோயில் பங்குச் சனம் பெட்டியருகே ஒவ்வொருவராக வந்து சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தது. பங்கிலிருந்து வந்த கத்தரின் அக்கா மணிகளை உருட்டிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். செபமாலைக்கே செபமாலை என்று மாமா பகிடி விடுவார் என்ற நினைப்பு வந்து, றோசலின் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். கைப்பைக்குள் செல்போன் அதிர்ந்தது. வீட்டு எண்ணுக்கு வரும் அழைப்புகளை அவள்தான் அதற்குத் திருப்பிவிட்டிருந்தாள். தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"அண்ணியோ?"

இரைச்சலுக்குள் கேட்ட அந்தக் குரலை அவள் உடனே அடையாளம் கண்டாள். சுவரில் சாய்ந்தாள்.

"மைக்கல்?"

"ஓம். செட்டிகுளம் அகதி முகாமிலை நிக்கிறன். காலிலை காயம், பெரிசா ஒண்டுமில்லை. வேறை ஆக்கள்டை போன், உடனை குடுக்கவேணும். அப்பாட்டைக் குடுங்கோ, குரலை மட்டும் கேட்டிட்டு வைக்கிறன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெட்டி தெரிந்தது. கிறகரி அதன் தலைமாட்டில் நின்று வருகிறவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தப் பக்கம் அவனைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லையே.

"அப்பா இங்கை இல்லையடா," என்றாள். "கியூபெக் சிற்றிக்குப் போயிட்டார். பழைய சண்டை நடந்த இடம் பாக்க."

மறுமுனையில் மைக்கல் சிரித்தான். இருமலும் சிரிப்புமாக நெடுநேரம் சிரித்தான்.

"சண்டை நடந்த இடமோ? அந்தாளுக்கு வேறை வேலை இல்லையோ அண்ணி? அங்கை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை. புல்லுத்தான். பிள்ளையள் விளையாடுற இடம்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பின்னால் யாரோ போனைக் கேட்டார்கள்.

"நடக்க ஏலுமோ அவருக்கு?"

"சக்கரக்கதிரை குடுப்பினம். கேட்டனான்."

"ஆறுதலாப் பாத்திட்டு வரட்டும். வந்த உடனை சொல்லுங்கோ, நான் இருக்கிறன் எண்டு."

"சொல்லுறன்."

தொடர்பு அறுந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மைக்கல் உயிரோடு இருக்கிறான் என்று கிறகரியின் காதருகே சொன்னாள். அவன் அவளையே பார்த்தான். கைகொடுக்க நின்றவரை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

பெட்டியருகே போவதற்கான வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. வீட்டுக்காரர் அதில் நிற்கத் தேவையில்லை. மாமாவிடம் சொல்லவேண்டிய சேதியோடு றோசலின் நடந்துபோய் அதன் கடைசியில் நின்றுகொண்டாள்.