லுஹர் நேரத்து இரைச்சல்

ராயபுரத்தில் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் எல்லாம் சப்ளை செய்யும் சௌக்கத் அலி பாய், போனில் ஒரே மூச்சில் விஷயத்தை முடித்தார்.

"தம்பி, ஆபீஸ் சர்வர் கத்துது. வந்து பாத்து, அந்தப் பொண்ணுதான் காரணம்னு சொல்லிட்டுப் போ."

வியாதியையும் மருந்தையும் அவரே முடிவு செய்துவிட்டார். கையெழுத்துப் போட மட்டும் டாக்டர் வேண்டும். நான் வண்ணாரப்பேட்டை ஜவுளிக்காரர் வீட்டில் பிறந்தவன். எதிராளி முதலில் சொல்வதைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும்படி வளர்க்கப்பட்டவன். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்த பிறகும் காது அப்படியேதான் இருக்கிறது.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். ஆபீஸ் என்பது இரண்டு அறைகள். வெளி அறையில் மகிழினி என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். வியாசர்பாடிப் பெண், பி.காம்., வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். நான் பையை வைப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க சொல்றத வெச்சுதான் எனக்கு வேலை கீதா இல்லியான்னு தெரியும். என் மேல தப்புன்னா சாயங்காலமே நின்னுக்கோன்னாரு பாய். அப்பா வேல செஞ்ச மில்ல மூடி ஏழு வருசமாச்சு. எங்க வூட்ல சம்பாதிக்கிறது நான் மட்டும்தான்."

"சரிம்மா, மொதல்ல மெஷினைப் பாக்கறேன். எங்க இருக்கு?"

அவள் உள் அறையைக் காட்டினாள். உள்ளே போய்ப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் இல்லை, ஸ்டாண்டிலும் இல்லை. கதவு திறந்த இரும்பு பீரோவுக்குள் இருந்தது சர்வர். மேல்தட்டில் பத்திரங்கள், கீழ்த்தட்டில் பெருநாள் சட்டையும் அத்தர் பாட்டிலும், நடுவில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அது. பின்பக்கம் துளை போட்டு ஒயர்களை வெளியே இழுத்திருந்தார்கள்.

"பாய், இது மூச்சு விடற சாமான். இத யாராவது பீரோவுல வெப்பாங்களா?"

"ஒன்றரை லட்சத்துச் சாமான வேற எங்க வெப்பாங்க? பக்கத்துப் பட்டறை வேதமாணிக்கம்தான் ஓட்டை போட்டுக் குடுத்தாரு. கதவு தொறந்துதான கீது, நல்லா மூச்சு விடட்டும்."

"மூடவே மாட்டீங்களா?"

"சாயங்காலம் மெஷின அமத்திட்டுத்தான் மூடுவேன். அதுகூடத் தெரியாதா எனக்கு? ஒரு வருசமா அப்படித்தான் ஓடுது. என் மருமவன் ஹுமாயூன் இருந்த வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது. அவன் துபாய்க்குப் போனான், இவ வந்தா, சத்தமும் வந்துச்சு. அதுவும் நான் இல்லாத நேரமாப் பாத்து!"

அப்போது சர்வர் சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. அதை அமர்த்தி, மூடியைக் கழற்றி, தூசியை ஊதித் தள்ளினேன். நான்கு ஃபேன்களையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிவிட்டேன். பேரிங் தேய்ந்த ஃபேன் கடகடவென்று அடித்துக்கொள்ளும். இவையோ வெண்ணெய் போலச் சுற்றின. ஒயர் எதுவும் இறக்கையில் உரசவில்லை. மூடியை மாட்டி மறுபடி ஓட விட்டேன். அதே சாது முனகல்.

அடுத்தது மெஷினின் சொந்தக் குறிப்பு. இந்த மாதிரி சர்வர் உள்ளே சூடு ஏறினால் ஃபேன்களைத் தானே வேகப்படுத்தும். எந்த நாள், எந்த மணிக்கு ஏறியது என்றும் எழுதி வைத்துக்கொள்ளும். பாய் மேஜையில் இருந்த மானிட்டரில் அதைத் திறந்தேன்.

முதல் எச்சரிக்கை, மகிழினி வேலைக்குச் சேர்ந்த அதே நாள். அதற்கு முந்தைய ஒரு வருடம் சுத்தம், ஒரு வரி கிடையாது. அன்றிலிருந்து தினமும் மதியம் ஒன்றே கால் சுமாருக்கு ஒன்று, மாலை ஐந்து சுமாருக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முன்கூட்டியே ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தது.

ஜும்ஆ, வெள்ளிக்கிழமைத் தொழுகை. இயந்திரத்துக்கு மதம் கிடையாது, ஆனால் பாய் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தை அது துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தது. அந்த நேரத்தில் ஆபீஸில் இருப்பது மகிழினி ஒருத்திதான்.

"பாத்தியா?" பாய் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "நான் தொழுவப் போனதும் ஒயர் வழியா எதையோ இழுக்கறா. திரும்பி வந்ததும் அஞ்சு நிமிசத்துல கம்முனு ஆயிடுது. எத்தினி கப்பல் கம்பெனி பேரு கீது அதுல! சொல்லிடு தம்பி."

சொல்வதற்கு வாயைத் திறந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணக்கு அப்படித்தான் கூடி வந்தது. அதற்குள் லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, பாங்கு சொன்னார்கள். பாய் பேச்சை நிறுத்தினார். தொப்பியை எடுத்து வைத்தார். செருப்பைத் தேடினார். இடது கை பீரோக் கதவைத் தள்ளியது, வலது கை சாவியைத் திருகியது, சாவி கைலி மேல் கட்டிய பச்சை பெல்ட்டுக்குள் போனது. "வர்றியா தம்பி?" என்று கேட்டபடியே வாசலைத் தாண்டிவிட்டார்.

நான் அசையவில்லை. என் ஸ்க்ரூடிரைவர் செட்டும் பீரோவுக்குள்தான் இருந்தது. கண் முன்னால் கொலை நடந்து, கொலைகாரன் என்னையும் துணைக்குக் கூப்பிட்டது போல இருந்தது.

மானிட்டர் ஒயர் பின்துளை வழியாக வந்ததால் சூடு எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஊளை, பிறகு பீரோவே கிடுகிடுத்தது.

மகிழினி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணா, பாத்துக்கோங்க! கீபோர்டு மேல நான் கையே வெக்கல!"

"கைய எறக்கும்மா. பீரோவப் பாரு."

பார்த்தாள். "பூட்டிக்கீது."

"இதுக்கு முன்னாடி பாத்ததில்லியா?"

"அவர் இல்லாதப்ப இந்த ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு."

பக்கத்துப் பட்டறையிலிருந்து வேதமாணிக்கம் தலையை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ். "இன்னா நைனா, ஏரோபிளேன் இன்னிக்கும் கெளம்பிடுச்சா?"

பாய் திரும்பி வந்தபோது எழுபத்தொன்று. நாங்கள் மூவரும் பீரோவுக்கு முன்னால் நின்றோம். கதவைக் காட்டினேன். அவர் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை.

"யார் பூட்டுனது?" என்று அதட்டினார்.

"நீங்கதான் பாய்."

"நானா?"

"சாவி எங்க இருக்கு பாருங்க."

பெல்ட்டைத் தொட்டார். சாவியை எடுத்துத் திறந்தார். அனல் காற்று அடித்து அவர் தாடியை ஒதுக்கியது.

"அல்லாஹ்! சத்தியமாத் தெரியாது தம்பி. எங்க வாப்பா காலத்துப் பழக்கம். பாங்கு கேட்டா கை தானாப் பூட்டும், திரும்பி வந்தா தானாத் தொறக்கும்."

"உங்க மருமவன் இருந்தப்ப?" என்று கேட்டது மகிழினி.

பாய் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். மெஷினின் குறிப்பில் அந்த ஒரு வருடம் சுத்தம் என்பது எனக்குத் தெரியும். வேதமாணிக்கம்தான் சாதாரணமாகச் சொன்னார். "ஹுமாயூன் இருந்தப்ப நாள் பூரா தொறந்துதான் கெடக்கும். நானே வந்து டீ குடிச்சுக்கினு பாத்துக்கீறேன்."

ஃபேன்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன.

"வாய் சொல்றதுக்கு முன்னாடியே உங்க கை என்னைத் திருடின்னு முடிவு பண்ணிடுச்சு பாய்," என்றாள் மகிழினி. குரல் உயரவில்லை.

"அப்படி இல்லம்மா. உன் மேல தப்பில்ல. வேலை உனக்குத்தான். போய் உக்காரு."

"அந்தக் கதவக் கழட்டுங்க. அப்புறம் உக்காரறேன்."

பாய் பிறவி வியாபாரி. அதிர்ச்சியிலும் பேரம் வரும். "இனிமே பூட்ட மாட்டேன்மா."

"உங்க கை பூட்டுறது உங்களுக்கே தெரியாதுன்னீங்களே."

"சரி, சாவிய நீயே வெச்சுக்கோ."

"நாளைக்கு இன்னாவாச்சும் காணாமப் போனா? வாணாம் பாய்."

"என் கல்யாணத்துக்குச் சீரா வந்த பீரோம்மா அது..."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றாள். உச்சி வெயில். குடையை விரிக்கவில்லை.

பாய் என்னைப் பார்த்தார். விலையைக் குறைத்துக் கேட்கச் சொல்லும் பார்வை. நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்ட விலையிலிருந்து ஒரு ரூபாயாவது குறைக்காமல் அவர் வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. சாவியைப் பெல்ட்டிலிருந்து எடுத்தார். மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார்.

"வேதமாணிக்கம்," என்றார் கடைசியில், "அந்தக் கிரைண்டரக் கொண்டா."

கீல்கள் வெல்டிங் வைத்தவை. நான் சர்வரையும் பத்திரங்களையும் வெளியே எடுத்தேன். வேதமாணிக்கம் பொறி பறக்க அறுத்தார். மேல் கீல் விட்டதும் கதவு சரிந்தது. பாய் ஓடி வந்து தோளால் தாங்கிக்கொண்டார். அடுத்த கீல் அறுபடும் வரை அப்படியே நின்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

கதவை வாசலில் சாய்த்த பிறகு மகிழினி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, சர்வரப் போடுங்க," என்றாள். "நாலு மணிக்குக் கப்பல் லிஸ்ட் குடுக்கணும்."