ஏழாவது வண்டி

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தபடி, போனின் வெளிச்சத்தைச் சேசிஸ் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனாள் அவள். போனுக்குள்ளிருந்து கணவன் வழி சொல்லிக்கொண்டிருந்தான். பின்சக்கரத்துக்கு மேலே, அந்த வளைவில் பார்க்க வேண்டும். அங்கேதான் தண்ணீர் தேங்கும், இந்த மாடலுக்கு அதுதான் வியாதி. ஸ்பானரால் தட்டிப் பார்க்கச் சொன்னான். தட்டினாள். கணீரென்றது. துருவை மறைக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று கேட்டான். இல்லை, பழைய பெயின்ட், அதன் மேல் பழைய சேறு என்றாள். அவன் ஏனோ உடனே அடுத்ததற்குப் போகவில்லை.

வெளிநாட்டுக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டப் போய் அவனுக்கு ஒன்பது வருடமாகிவிட்டது. திரும்பி வந்து சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கி ஓட்டுவதென்று கிளம்பும்போதே இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அப்போது அந்த வண்டிக்கு இரண்டே கதவு, முன்னால் ஒரே நீள சீட். கல்யாணமான புதிதில் யாரிடமோ இரவல் வாங்கிய வண்டியில் அப்படி ஒரு நாள் போயிருக்கிறார்கள். ஓட்டியது அவன், நடுவில் அவள், கதவோரம் அவன் நண்பன் ஒருவன். கியர் மாற்றும்போதெல்லாம் கணவனின் கை அவள் முழங்காலில் இடித்தது. தேவைக்கு மேலேயே கியர் மாற்றினான். பிறகு அந்த மாடல் நின்றுபோய் அடுத்தது வந்தது. அகலம் கூடியது, உயரம் கூடியது. அதற்கடுத்ததில் நாலு கதவு, தனித்தனி சீட், நடுவில் ஒரு பெட்டி. ஒவ்வொன்று வரும்போதும் அவன் போனில் மணிக்கணக்காக விளக்குவான். மற்ற வீடுகளில் பிள்ளை வளர்வதைப் பேசுகிறார்கள், நாம் ஒரு வண்டி வளர்வதைப் பேசுகிறோம் என்று அவள் ஒருமுறை சொல்ல வந்து, சொல்லாமல் விட்டாள்.

ஆறு மாதத்தில் ஆறு வண்டி பார்த்தாயிற்று. முதலாவதின் சேசிஸில் விரல் நுழைகிற பொத்தல். இரண்டாவதில் ஒரு கதவின் போல்ட்டில் மட்டும் ஸ்பானர் பட்ட தழும்பு, எங்கோ மோதியிருக்கிறது. மூன்றாவதின் குறையை அவளே கண்டுபிடித்தாள். சோபா தைக்கிற பட்டறை அவளுடையது. மீட்டர் அறுபதாயிரம் என்றது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் ஃபோம் ஒரு பக்கமாகத் தொய்ந்து கம்பி தட்டியது. இந்த சீட் மூன்று லட்சமாவது ஓடியிருக்கும் என்றாள். விற்க வந்தவன் ஆகாயத்தைப் பார்த்தான். அன்றைக்குக் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். நாலாவதில் நீலப் புகை. ஐந்தாவது அவள் பார்த்தவரை நன்றாகவே இருந்தது. அந்த வருடத்து எஞ்சினில் செயின் தகராறு, வேண்டாம் என்றான். ஆறாவதுக்கு நிறம் சரியில்லை என்றான். நிறமா என்று அவள் கேட்கவில்லை. அன்று பட்டறையில் ஒரே தையலை நாலு தடவை பிரித்தாள்.

இந்த ஏழாவது, ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவருடையது. முழங்கால் போனதால் ஏறி இறங்க முடியவில்லை, அதனால்தான் விற்கிறார். சர்வீஸ் செய்த தேதிகளையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். வர வர இந்த வண்டிகளுக்கு முன்பக்கம் நீண்டு பின்பக்கம் குறுகிவிட்டது, இன்னும் இரண்டு மாடல் போனால் சாமானை மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று அலுத்துக்கொண்டார். அவள் சிரித்தாள். சாக்கை உதறி மடித்துக் கொடுத்துவிட்டு எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து காட்டினாள், நாலு டயரின் தேய்மானத்தையும் காட்டினாள். கணவன் எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்தான். பிறகு, கொஞ்சம் பொறுக்கலாமே, அடுத்த வருடம் புது மாடல் வருகிறதாம், அப்போது இதெல்லாம் விலை இறங்கும் என்றான்.

சர்வேயர் என்ன புரிந்துகொண்டாரோ, கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"வண்டிய விடுங்க," என்றாள் அவள். "நீங்க வருவீங்களா?"

அவன் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். முன்நெற்றியில் முடி இவ்வளவு பின்னால் போயிருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"பயமா இருக்கும்மா," என்றான். "ஒம்பது வருஷமா அவங்க சொல்ற எடத்துக்கு ஓட்டிப் பழகிட்டேன். சொந்த வண்டின்னா, காலைல எந்திரிச்சு எங்க போறது?"

அவளுக்குக் கோபம் வரவேண்டும் என்றிருந்தது. வரவில்லை. கியர் மாற்றிய அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது, அதுவும் கூடவே வயதாகி.

"சரி. நான் இத வாங்கிடறேன். பட்டறைக்கு வேணும்."

"யாரு ஓட்டறது?"

"நான்தான். வாடகை வேன நாலு வருஷமா நான்தான் ஓட்டறேன். சொன்னேன், உங்களுக்கு மறந்துபோச்சு."

அவன் போனை வைக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கலாமா என்று அவள் சர்வேயரைக் கேட்டாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். அவள் போனை டாஷ்போர்டில் இருந்த பிடியில் செருகி, கேமரா சாலையைப் பார்க்கிறபடி மாற்றினாள். தெருவைத் தாண்டியதும் மேட்டுச் சாலை. இருபுறமும் மதில்கள் முடிந்து வெட்டவெளி விரிந்தது. வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. வளைவு வந்தபோது கிளட்சை மிதித்துக் கியரைக் குறைத்தாள். ஓரக்கண்ணில் போன் தெரிந்தது. அங்கே, சாலையையே பார்த்துக்கொண்டிருந்த அவனுடைய இடது தோள் அவளோடு சேர்ந்து லேசாக இறங்கி, மெதுவாக ஏறியது.