கைப்பழக்கம்

தகுதித் தேர்வில் தேறாத ஆசிரியர்கள், எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருந்தாலும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தீர்ப்பு வந்தபோது தங்கத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒத்தக்கடைப் பக்கம் அரசுத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன முறையே தேறிவிட்ட மகள் ஆஷ்லின்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்தாள். ஒரு தடவை படித்தால் போதும், அவளுக்கு அப்படியே நிற்கும். தங்கத்துக்கு விடிகாலையில் படித்த பக்கம் பள்ளி மணி அடிப்பதற்குள் கரைந்துபோனது. கணவர் லூர்துராஜ் மார்க்கெட்டில் வல்லாரைக் கீரையை விடாமல் வாங்கிவந்து, டீச்சருக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு என்று மகளிடம் கேலி பேசினார்.

வயது ஏற ஏறப் புதியதைக் கற்கும் வேகம் குறையும், பழகியது தங்கும் என்று உளவியல் புத்தகத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே பென்சிலால் கோடு போடப்போனாள். அங்கே ஏற்கெனவே கோடு இருந்தது. எப்போது போட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. விடை தெரியாதபோது சிரித்து வைக்கும் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்தவள். மகள் கேள்வி கேட்கையில் தானும் அப்படியே சிரிப்பதை உணர்ந்தபோது உடம்பு கூசியது.

தல்லாகுளத்தில் தேர்வு. சுற்றிலும் மகள் வயதுப் பெண்கள். வினாத்தாளைப் பிரித்ததும் தங்கத்துக்கு நம்பமுடியவில்லை. எல்லாம் படித்தவை. ஒவ்வொரு விடையும் தானாக வந்து நின்றது. சரியான விடையைக் கண்டதும் பக்கத்தில் ஒரு டிக், அடுத்தது, அடுத்தது என்று பேனா ஓடியது. இத்தனை வருஷமாகப் பரீட்சைத்தாள் திருத்திய கை அது. வீட்டில் பயந்ததெல்லாம் வீண் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் பெண் அருகில் வந்து குனிந்தாள். "அம்மா, விடைத்தாள்ல ஒண்ணுமே நிரப்பலையே. இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு."

தங்கம் விடைத்தாளைப் பார்த்தாள். வரிசை வரிசையாக வெறும் வட்டங்கள். வினாத்தாளைப் பார்த்துப் பார்த்துக் கறுப்பாக்கத் தொடங்கினாள். பாதி வழியில்தான், வெகு நேரமாக ஒரு வரிசை தள்ளி நிரப்பிவருவது தெரிந்தது. மையை அழிக்க முடியாது. மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் ஏதோ ஒரு பயிற்சி மையம் இணையத்தில் விடைகளைப் போட்டிருந்தது. ஆஷ்லின் அம்மாவின் வினாத்தாளை மடியில் விரித்து, டிக்குகளை ஒப்பிட்டுக்கொண்டே போனாள்.

"நீ பாஸும்மா. நல்லாவே பாஸ்."

லூர்துராஜ் கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். திண்டுக்கல்லில் இருக்கும் தங்கையிடம், எங்க டீச்சர் இந்த வயசுல ஜெயிச்சுட்டா என்று சத்தமாகச் சொல்வது கேட்டது.

தெரியாமல் தோற்றிருந்தால் மறுபடி படிக்கலாம். எல்லாம் தெரிந்தும் இப்படி என்றால் இனி எதை நம்பி உட்காருவது?

"பாப்பா, விடைத்தாள்ல பாதி வட்டம் வெறுசாக் கிடக்கு. போட்டதையும் வரிசை மாத்திப் போட்டுட்டேன். இதுலயேதான் டிக் போட்டுக்கிட்டே இருந்தேன்."

ஆஷ்லின் நிமிர்ந்தாள். "நேத்துச் சொன்னேன், பஸ்ஸுல சொன்னேன், வாசல்ல விடும்போதும் சொன்னேனேம்மா. நேரா விடைத்தாள்லயே நிரப்பிருன்னு."

"சொன்னியா?" என்றாள் தங்கம்.

ஆஷ்லின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் லூர்துராஜ் அடுத்த எண்ணுக்குப் பேசத் தொடங்கியிருந்தார்.