கட்டம் கட்டமாகத் தெரிந்த ஃபைல் மேனேஜர்

காட்டுப்பாக்கம் லோகேஷைப் பொறுத்தவரை மவுஸைத் தொடுகிறவர்கள் மனிதர்களிலேயே சேர்த்தி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு அச்சு (டை) செய்கிற ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்த முதல் நாளே, தன் மவுஸைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினான். "இதெல்லாம் கைநாட்டுங்களுக்கு" என்று ஆபீஸில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

பட்டறையின் டிராயிங்குகள் எல்லாம் சர்வரில் இருந்தன. அவற்றைத் தேடி எடுக்கப் புதிதாக ஒன்று போடுகிறேன் என்று முதலாளி ஜானகிராமனிடம் சொல்லியிருந்தான். கருப்புத் திரையில் கீபோர்டை மட்டும் தட்டி வேலை பார்க்கிற ஃபைல் மேனேஜர். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டுக்குள் அது ஒழுங்காக ஓடினால் ஆபீஸிலும் பட்டறையிலும் இருக்கிற இருபது கம்ப்யூட்டருக்கும் அவன்தான் பொறுப்பு என்று அவரும் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாக அந்தப் பொறுப்புக்குத்தான் லோகேஷ் தவம் கிடக்கிறான்.

ரெடிமேடாக இறக்கினால் ஐந்து நிமிஷ வேலை. அது லோகேஷ் ஐயாவின் கௌரவத்துக்கு ஆகுமா? எழுதினவன் இணையத்தில் வைத்திருந்த சோர்ஸ் கோடை இறக்கி, சர்வரில் தன் கையாலேயே கம்பைல் செய்து ஓடுகிற புரோகிராமாக்கினான். தன் சீட்டிலிருந்து திறந்து பார்த்தால், ஃபோல்டர் படம் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். டிராயிங் படத்துக்கும் கட்டம். ஐகானைச் சேர்க்கச் சொல்லி மறுபடி கம்பைல் செய்தான். கட்டம். ஐகான் படங்களும் உள்ள ஃபான்ட், அதாவது எழுத்துரு, வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. அதையும் சர்வரில் கொண்டுபோய்ப் போட்டான். அப்போதும் கட்டம். பதினோரு முறை கம்பைல் செய்தபின், இதை எழுதினவன் மடையன் என்று முடிவு கட்டி, இணையத்தில் அவனை நாலு பத்தி திட்டிப் புகாரும் போட்டான். தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்ற நினைப்பு அவன் பக்கமே வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு டிராயிங் செக்‌ஷன் புஷ்பா வந்து நின்றாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறவள். லோகேஷின் கணக்கில் மவுஸ் கோஷ்டிக்குத் தலைவி.

"அண்ணே, நீங்க போட்டதைத் தொறந்தேன். எனுக்கு..."

"உனுக்குப் புரியாதும்மா. போய் மவுஸை உருட்டு."

"இல்லண்ணே, உங்களுதுலதான் கட்டமா..."

"உன்ன நான் கேட்டனா?"

புஷ்பா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்கு ஜானகிராமன் வந்தார். "இன்னாப்பா இது, ஜன்னல் ஜன்னலா கீது?"

"எழுதனவன் சரியில்ல சார். யாரு கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் இப்டித்தான் வரும்."

"அப்ப அந்தம்மாளுது?"

லோகேஷ் திரும்பிப் பார்த்தான். புஷ்பாவின் திரையில் ஃபோல்டர்களும் டிராயிங்குகளும் அதனதன் படத்தோடு வரிசையாக நின்றன. அதே சர்வர். அவன் கம்பைல் செய்த அதே ஃபைல் மேனேஜர். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சர்வர் எழுத்தை அனுப்பும், அவ்வளவுதான். அதை வரைந்து காட்டுவது எதிரே இருக்கிற கம்ப்யூட்டர். ஃபான்ட் இருக்க வேண்டியது சர்வரில் இல்லை, அவனவன் கம்ப்யூட்டரில். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து பேப்பர்காரனைத் திட்டியிருக்கிறான்.

"பார்ட் நம்பர்ல சைபரும் ஓ-வும் ஒரே மாரி தெரிஞ்சுது சார். ரெண்டு தபா தப்பு டிராயிங்கை எடுத்துட்டேன்" என்றாள் புஷ்பா. "அதான் போன மாசம் வேற ஃபான்ட் எறக்குனேன். காலைல இந்தக் கருப்பு ஸ்கிரீனுக்கும் அதையே வெச்சேன். இந்தப் படம்லாம் அதுலயே கீது போல."

"காலைலயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொல்லத்தான் சார் போனேன்."

ஜானகிராமன் லோகேஷை ஒரு பார்வை பார்த்தார். "இருவது கம்ப்யூட்டரையும் இந்தம்மாவே பாக்கட்டும். நீ கூடமாட ஒத்தாசை பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

லோகேஷ் புஷ்பா பக்கம் திரும்பினான். "எப்டிப் போட்ட?" என்று கேட்டான்.

"டபுள் கிளிக் பண்ணேண்ணே. இன்ஸ்டால்னு வந்துச்சு, அமுக்குனேன்." புஷ்பா எழுந்து அவன் மேஜைக்கு வந்தாள். "உங்களுதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். மவுஸை எடுங்க."

சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்த பத்துப் பேரும் அப்படியே நின்று பார்க்க, லோகேஷ் பேன்ட் பையில் டிராயர் சாவியைத் தேடினான்.