கறுப்புக் கயிற்றின் அளவு

பெருமாள்மலை முக்கில் இருக்கிற பட்டறையில், குகன் மூன்றாவது முறையாக வண்டிமேல் ஏறிக் குதித்துக் காட்டினான். எண்பத்தெட்டு கிலோ. முன்பக்கம் அமிழ்ந்து எழுந்தது. இன்னும் லூசுதான், வெண்ணெய் மாதிரி இறங்குது பாருங்கண்ணே என்றான். மெக்கானிக் சூசைமாணிக்கமும் தலையை ஆட்டினார்.

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுகன்யா, மடியிலிருந்த புத்தகத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள் பெயரில் இருந்தது. பூம்பாறை வீட்டிலிருந்து கவுஞ்சிக்குத் தினமும் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற நர்ஸ் அவள்தான். குகன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவான், ஹெல்மெட்டில் கேமராவை ஒட்டிக்கொண்டு. அந்த வீடியோக்களை எழுபத்து மூன்று பேர் பார்க்கிறார்கள். அதில் பதினொரு பேர் அவன் அக்கா வீட்டார்.

நன்றாக இருந்த முன் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, ஏதோ பெரிய வண்டியின் ஃபோர்க்கைக் கோயமுத்தூர் காயலான் கடையிலிருந்து தூக்கிவந்து மாட்டியதும் அவன்தான். பார்வைக்கு மிடுக்கு. மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்கிற அந்த இரண்டு குழாய்களுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் எண்ணெயும் ஓட்டுகிற ஆளின் எடைக்குத் தக்கபடி அமைய வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறான். கேட்ட வரைக்கும் சரி. ஓட்டுகிற ஆள் என்றதும் அவன் மனதில் வந்து உட்கார்ந்தது அவனேதான்.

பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமிழ்ந்து குத்துகிறது என்று அவன் சொல்ல, போன மாதம் சூசைமாணிக்கம் ஸ்பிரிங்கின்மேல் நீளமான குழாய்த்துண்டு வைத்து இறுக்கிக் கெட்டியான எண்ணெய் ஊற்றினார். அன்று முதல் சுகன்யாவுக்கு அது வண்டியாக இல்லை, உலக்கையாக இருந்தது. செவ்வாய்க்கிழமை கவுஞ்சி வளைவில் சல்லிமேல் முன்சக்கரம் துள்ளி விழுந்தாள். முழங்கை தோல் உரிந்தது. பெட்டி உருண்டு முட்டைக்கோசுப் பாத்தியில் கிடந்தது.

குகன் ஃபோர்க்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். முழங்கையை அப்புறம் பார்த்தான். இன்னொரு தடவை விழுந்தால் பஸ்ஸில் போ, வண்டி என்னிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். பஸ் கவுஞ்சி போய்ச் சேருவதற்குள் அங்குள்ள தாய்மார்கள் பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். நாளைக்கு அங்கே முகாம்.

இப்போது அவன் கேட்டது இன்னும் கொஞ்சம் இறுக்கம். லூசாக இருப்பதால்தான் இவள் விழுந்தாள் என்றான். சூசைமாணிக்கம் ஸ்பேனரை எடுத்தார்.

சுகன்யா எழுந்தாள்.

ஃபோர்க் மாட்டிய அன்று, குகனின் அம்மா குப்பம்மாள் திருஷ்டிக்காக மின்னுகிற மேல்குழாயில் ஒரு கறுப்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அம்மாவுக்குப் பயந்து குகன் அதை அவிழ்க்கவில்லை. வண்டி அமிழும்போதெல்லாம் கீழ்க்குழாயின் விளிம்பு கயிற்றை மேலே தள்ளும். எட்டின உயரத்தில் விட்டுவிட்டுத் திரும்பும். சுகன்யா காலையில் கயிற்றைக் கீழே இழுத்துவிட்டுக் கிளம்புவாள். கவுஞ்சி போய்த் திரும்பினால் மூன்று விரல் ஏறியிருக்கும். அவன் ஓட்டிவந்தால் ஏழு விரல். இதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். கயிறு பார்த்து வைத்தியம் சொல்கிற நர்ஸ் என்று அவன் சிரித்ததோடு சரி.

"அண்ணே, அவர எறங்கச் சொல்லுங்க. முன்சக்கரத்தத் தூக்குங்க."

சூசைமாணிக்கம் என்ஜினுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தூக்கினார். அவள் கயிற்றைக் கீழ்க்குழாயின் விளிம்புவரை இழுத்துவிட்டாள். கட்டையை எடுத்ததும் ஏறி உட்கார்ந்தாள், குதிக்காமல். இறங்கினாள். மறுபடி தூக்கிப் பார்த்தார்கள். கயிறு ஏறியிருந்தது அரை விரல். குகனை உட்கார வைத்தபோது இரண்டரை விரல்.

"ஓட்டுற ஆளு ஒக்காந்தா எம்புட்டு எறங்கணும்ணே?"

"ரெண்டு, ரெண்டரை வெரல் எறங்கணும் சிஸ்டர்."

"போன தடவ யாரை ஒக்கார வச்சு அளந்தீங்க?"

அவர் அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷமாக வண்டி பார்க்கிறவர். மனைவியின் வண்டியாக இருந்தாலும் கணவன் கூட வந்தால் கணவனைத்தான் ஏற்றி அளப்பார். அந்த முக்கில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். தையல்கடையில் ரவிக்கைக்கு இப்படி அளவெடுத்தால் சிரிப்பார்கள். சுகன்யா இதைச் சொல்லவில்லை. அவர் துணியால் கையைத் துடைத்து முடிக்கும்வரை அவரையே பார்த்தபடி நின்றாள். அவர் ரொம்ப நேரம் துடைத்தார்.

அவள் எடைக்குக் குழாய்த்துண்டைக் குறைத்தால் தான் ஓட்டும்போது குத்துமே என்று குகன் முனகினான்.

"ஒன்னு நீங்க எளைக்கணும் தம்பி, இல்ல சிஸ்டர் பெருக்கணும்," என்றார் சூசைமாணிக்கம். "வேற வழி கெடையாது."

"இருக்கு," என்றாள் சுகன்யா. "அவரு ஓட்ட வேண்டாம்."

சூசைமாணிக்கம் ஃபோர்க்கின் மூடிகளைத் திறந்து, இரண்டு பக்கத்துத் துண்டுகளிலும் இரண்டு விரல் அகலம் அறுத்தார். எண்ணெயை வடித்து இலேசானதை ஊற்றினார். அதுவரை குகன் போனை நோண்டிக்கொண்டிருந்தான்; வீடியோ எடுக்கவில்லை. மறுபடி அவளை உட்கார வைத்து அளந்தபோது கயிறு இரண்டரை விரலில் நின்றது.

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பினாள். குகன் பின்னால் ஏறக் காலைத் தூக்கினான்.

"நீங்க ஏறுனா அளவு மாறிரும்," என்றாள். "பஸ்ஸுல வாங்க."

தூக்கிய காலை அவன் கீழே வைப்பதற்குள் வண்டி வேகத்தடையைத் தாண்டியிருந்தது. முன்பக்கம் ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது, துள்ளவில்லை.