ஒத்த ஆள் கணக்கு

1

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கேரவானில் ஒரே ஒரு இரவு தங்க ஆசைப்பட்ட புருஷன் பெண்டாட்டி கதை சொல்கிறேன். இது எனக்கு ஒரு போன் சிரிப்பில் கிடைத்தது. "மாமி, என்னை எடையில சேர்க்கவே மறந்துட்டாங்க!" என்று ஷார்ஜாவிலிருந்து நஜீஹா சிரித்தாள். பிறகு பேச்சில்லை. போன் கார்டும் தீர்ந்துபோனது. அந்தப் பேச்சில்லாத இடத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

வெயிலில் ஒரு பிக்கப் வண்டி நின்று— (வேண்டாம். இப்படித் தொடங்கினால் வண்டிக்குத்தான் கதை போகும்.)

2

அவள் புருஷன் ராஜிக், தொழில்பேட்டையில் கராஜ் மெக்கானிக். எட்டு வருஷமாகத் தொழிலாளர் கேம்ப் ரூமில் அடுக்குக் கட்டில். இரண்டாயிரத்து ஏழு ஜூலையில் நஜீஹா விசிட் விசாவில் வந்தாள். எங்கள் ஊர்க்காரி ரஹீமா பீவி வீட்டு ஹாலில், பெண்களோடு படுக்கை. சனிக்கிழமை அவளுக்கு விமானம். வந்ததிலிருந்து இருவரும் தனியாக ஒரு ராத்திரிகூட... (மீதி உங்களுக்கே தெரியும்.)

அரபாப், அதாவது அவன் முதலாளி, மனமிரங்கி, வெள்ளி இரவுக்குத் தன் கேரவானை, அந்தச் சக்கர வீட்டைக் கொடுத்தார். பிக்கப்பில் மாட்டிக்கொண்டு கொர்பக்கான் கடலோரம் போகலாம்.

3

கணக்கைக் கேளுங்கள், அலுக்காதீர்கள். வண்டி இழுக்கிற எடை வேறு, முதுகில் தாங்குகிற எடை வேறு. இழுவைக்குக் குறைவில்லை. முதுகு தாங்குவது ஐந்நூறு கிலோதான். கேரவானின் மூக்கு கொக்கியில் அழுத்தும் இருநூறும் அந்த முதுகில்தான் விழும். ஏசிக்கு ஜெனரேட்டர், தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் இருநூற்றிருபது. ஓட்டுகிறவன் எழுபது. கேரவானும் நிறைந்துவிட்டது, அதில் ஏற்ற வழியில்லை.

"பத்து கிலோ மிச்சம். யல்லா, கிளம்பலாம்!" என்றான் ராஜிக்.

கூட வேலை பார்க்கும் ஜெயமணி தலையைச் சொறிந்தான். "பாய், வீட்டம்மா பறந்தா வாராங்க?"

ராஜிக் விரல் விட்டு மறுபடி கூட்டிப் பார்த்தான். எட்டு வருஷமாக அரிசி வாங்கினாலும் மீன் வாங்கினாலும் ஒத்த ஆள் கணக்குத்தான். கை தானாக அப்படியே கூட்டியிருக்கிறது.

4

(நஜீஹா அழுதாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளை வளர்த்தவள் நான், அங்கே அழமாட்டாள்.)

பையோடு நின்றவள் கேட்டாள்: "நான் அவ்வளவு லேசா மச்சான்?"

"பழக்கத்துல போட்டுட்டேன் புள்ள."

"இனிமே இந்தப் பழக்கம் ஆகாது. இப்ப யாரை இறக்கப் போறீங்க?"

அவன் பிக்கப்பின் பின்கதவைத் திறந்தான். அவள் ஓரமாக நகர்ந்து எனக்குப் போன் போட்டாள்.

5

ஒரு முடிவில் ஜெனரேட்டர் இறங்குகிறது. புழுக்கத்தில் விசிறிக்கொண்டே விடிய விடியப் பேசுகிறார்கள். இன்னொன்றில் தண்ணீர் கேன்கள். மூன்றாவதில், "பரவாயில்ல மச்சான், நான் ஹாலுக்கே—" (இதை எழுதமாட்டேன்.)

பிறகு நான் அவளிடம் கேட்கவும் இல்லை. ராஜிக் இன்னும் கதவடியில் நிற்கிறான், உங்களிடம் விடுகிறேன். எதை வேண்டுமானாலும் இறக்குங்கள், அவளை மட்டும் இறக்கிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் உலைக்கு அரிசி அளக்கிற கை ஒருத்தரையும் மறக்காமல் இருக்கட்டும். தூரத்தில் இருப்பவர்கள் வந்து சேர்ந்து, அந்த அரிசி பற்றாமல் போகட்டும்.