வீடு மாறி வந்த மாப்பிள்ளை

எனக்கு வாய் நீளம். கடற்படைக் குடியிருப்பு முழுக்கத் தெரிந்த விஷயம், மறைத்து என்ன ஆகப்போகிறது? போன வாரம் கடலிலிருந்து அந்தச் செய்தி கசிந்து வந்தபோதும் முதலில் சிரித்தது நான்தான்.

பயிற்சிக்காக இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலில் அக்கம்பக்கமாக நின்றிருக்கின்றன. இரண்டும் ஒரே அச்சு. மழை மூட்டத்தில் எங்கள் வீட்டுக்காரர்கள் பறக்கும் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் விமானி ஒருவர் தன் கப்பல் என்று நினைத்து அடுத்த கப்பலில் போய் இறங்கிவிட்டார். கடற்படை விமானிக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. விபத்து என்றாலாவது இரக்கப்படுவார்கள், இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தக் கப்பல்காரர்கள் சும்மா அனுப்பவும் மாட்டார்கள். விமானத்தின் மேலெல்லாம் பெயின்டால் கிண்டல் எழுதித்தான் திருப்பி அனுப்புவார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம்.

இறங்கியது யார் என்று மட்டும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே! மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, "வேற யாரு, நம்ம குட்டியாத்தான் இருக்கும்" என்று அடித்துச் சொன்னேன். குட்டி ஸ்குவாட்ரனில் கடைசியாகச் சேர்ந்தவன். வானத்தில் என் கணவருக்குத் துணையாக அவர் பின்னாலேயே பறப்பவன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி வாளியோடு அங்கேயே நின்றிருந்தாள். "ஏன்டி, உன் நெனப்பிலேயே பறந்தா கப்பல் எங்க கண்ணுக்குத் தெரியும்?" என்று அவளிடமே கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனாள். "தமாஷுக்குச் சொன்னா மூஞ்சியத் தூக்கிக்கிறதப் பாரு" என்று அதற்கும் ஒன்று சொன்னேன்.

என் கணவரைப் பற்றி எனக்கு அவ்வளவு திமிர். பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு கீறல் கிடையாது. அடுத்த மாதம் ஸ்குவாட்ரனுக்கே தலைவராகப் போகிறவர். அதை நான் சொல்லாத ஆள் இல்லை, காய்கறிக்காரர் உட்பட.

நேற்று அவர்கள் திரும்பினார்கள். கப்பல் துறைமுகம் சேருமுன்பே விமானங்கள் கிளம்பி எங்கள் தளத்துக்கு வந்துவிடும். குடும்பங்கள் எல்லாம் ஒரு கயிற்றுக்குப் பின்னால் காத்திருப்போம். இந்தத் தடவை என் மாமனாரையும் வரவழைத்திருந்தேன். ரிட்டயர்டான பஸ் டிரைவர். கண்ணில் புரை வளர்ந்து தூரத்தில் இருப்பது எல்லாம் மங்கல். ஆனாலும் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையாக நின்றன. திடீரென்று கூட்டத்தில் சிரிப்பு. பார்த்தேன். ஒரு விமானத்தின் பக்கவாட்டில், மூக்கிலிருந்து வால் வரைக்கும், கோணல்மாணலாக வெள்ளைப் பெயின்ட்: 'வீடு மாறி வந்த மாப்பிள்ளை!'

மூக்கில் இருந்த எண் ஏழு. என் கணவருடையது.

மொட்டை மாடியில் சிரித்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குட்டியின் மனைவி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"என்னம்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்றார் மாமா.

"யாரோ கப்பல் மாறி இறங்கிட்டாராம் மாமா."

"அட பாவமே! சரி, நம்ம பையனோட வண்டி எது?"

"அதோ, அந்தக் கடைசியில நிக்குதே, ஒன்பது. அதான்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒன்பது குட்டியின் விமானம். அவன் மனைவி, "அக்கா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் செய்ததற்கு அவள் அங்கேயே என் மானத்தை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

கயிற்றை எடுத்தார்கள். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பதை நோக்கி ஏறக்குறைய ஓடினார். ஏணியில் இறங்கியவனை, "வாடா ராசா!" என்று கட்டிக்கொண்டார். குட்டி ஹெல்மெட்டைக் கழற்றினான். மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"மன்னிச்சுக்கப்பா. என் பையன்னு நெனச்சிட்டேன்."

"சாரோட அப்பாவா? அவர் வண்டி அங்க நிக்குதுங்க, அந்தப் பெயின்ட் அடிச்சது" என்றான் குட்டி. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினான். "அது நம்ம கப்பல் இல்ல சார்னு நான் ரேடியோவில சொன்னேன் மேடம். பேசாம இருடான்னுட்டு இறங்கிட்டாரு. அந்தப் பெயின்டை அன்னைக்கே துடைக்கத்தான் போனோம். அவர்தான் விடல. கரையில எல்லாரும் என் பேரைச் சொல்லிச் சிரிக்கிறாங்கன்னு அவர் காதுக்கு வந்திருக்கு. 'வீட்டுக்காரங்க எல்லாரும் பாக்கட்டும், அப்பதான் உன் பேரு சுத்தமாகும்'னு அப்படியே ஓட்டிட்டு வந்துட்டாரு."

அந்தப் பேச்சை யார் கிளப்பியது என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் பின்னாலேயே வந்து நின்ற அவன் மனைவிக்குத் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், குனிய வேண்டியவள் நான்.

மாமா என்னையே பார்த்தார். "நான் ஒரு கல்யாணக் கோஷ்டியையே வேற ஊர்ல கொண்டுபோய் இறக்கிவிட்டவன்மா. இதுக்குப் போயா எம்புள்ளையை என்கிட்ட இல்லைன்னு சொன்ன?"

திரும்பினேன். ஒவ்வொரு விமானத்தின் கீழும் ஒரு கும்பல், பிள்ளைகள், அழுகை, சிரிப்பு. ஏழாம் எண் விமானத்தின் கீழே மட்டும் ஒருவர் தனியாக நின்றார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கயிற்றைத் தாண்டியது, அவரைக் கடந்து போனது, குட்டியைக் கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் விமானத்தின் மேலே உட்கார்ந்து பார்த்திருப்பார்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனதும் மாமா அவர் முகத்தைத் தடவிப் பார்த்தார். நான் பெயின்டைத்தான் பார்த்தேன், அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. களைப்பாகச் சிரித்தார்.

"என்ன, நீயும் கப்பல் மாறி இறங்கிட்டியா?" என்றார்.